நீர் புகாமல் காற்று போய்வர: கருவிகளுக்கு எந்தச் சவ்வு?

வெட்டவெளியில் நிற்கும் ஒரு மின்னணுப் பெட்டியைப் பழுதுபார்க்கத் திறக்கிறார்கள். அது தெருவிளக்கின் டிரைவராகவோ கண்காணிப்புக் கேமராவாகவோ மொட்டைமாடி இன்வெர்ட்டராகவோ இருக்கலாம். கேஸ்கெட் நன்றாக இருக்கிறது, திருகுகளும் இறுக்கமாகவே இருக்கின்றன. ஆனால் சர்க்யூட் போர்டின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது, அடித்தட்டில் தண்ணீர் தேங்கிய தடம் தெரிகிறது. "சீல் சரியில்லை" என்று சொல்லி, சுற்றிலும் சிலிக்கோன் பூசி, முன்னைவிட இறுக்கமாக மூடி அனுப்புகிறார்கள். அடுத்த மழைக் காலத்தில் அதே பெட்டி திரும்பி வருகிறது.

இறுக்கமாக மூடியதுதான் இங்கே சிக்கல். வெயிலிலும் உள்ளிருக்கும் பாகங்களின் சூட்டிலும் பெட்டிக்குள் காற்று 70 டிகிரி வரை ஏறியிருக்கும்போது திடீரென மழை கொட்டி 25 டிகிரிக்கு இறங்கினால், உள்ளழுத்தம் ஏறத்தாழ 13 கிலோபாஸ்கல் குறையும். 'ஐபி 67' என்ற நீர்புகாச் சான்றுக்காகப் பெட்டியை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். அந்த ஆழத்து நீரின் அழுத்தம் 10 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. ஆக, சாதாரண மழையில் நிற்கும் பெட்டி, சோதனைத் தொட்டியில் பட்டதைவிட அதிக அழுத்தத்தைத் தனக்குத்தானே வரவழைத்துக்கொள்கிறது. அதுவும் ஒரு தடவை அல்ல, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான தடவை. கேஸ்கெட்டின் மயிரிழை இடைவெளி ஒன்று போதும், வெளியே தேங்கிய நீரைப் பெட்டி உறிஞ்சிவிடும். உள்ளே போன நீருக்கு வெளியேற வழி கிடையாது. பகலில் ஆவியாகி, இரவில் சொட்டாகி, உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் நன்றாக வடிவமைத்த பெட்டிகளில் ஒரு துளையைத் தெரிந்தே விட்டு, காற்றை மட்டும் அனுமதிக்கும் சவ்வால் அதை மூடுகிறார்கள். துறையில் இதற்கு வென்ட் என்றே பெயர். காசுக்குச் சமமான பரப்புகூட இல்லாத இந்தப் பாகத்தைத் தேர்வதில் நடக்கும் தவறுகள் பலவும் ஒரே மாதிரியானவை. விற்பனையாளரின் அட்டவணையில் இரண்டு கட்டங்களை மட்டும் பார்க்கிறார்கள்: எவ்வளவு நீரழுத்தம் தாங்கும், எவ்வளவு காற்று விடும். இரண்டுமே சுத்தமான தண்ணீரும் சுத்தமான காற்றும் கொண்டு எடுத்த அளவுகள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு என்பது என் கருத்து. இந்தச் சவ்வின் மேல் உண்மையில் படப்போகும் திரவம் எது? சவ்வு அடைபட்டுப் போனால் என்ன நடக்கும், யாருக்கு நடக்கும்?

முதலில் சவ்வு வேலை செய்யும் விதம். பெரும்பாலான வென்ட்களில் இருப்பது இழுத்து விரித்த பி.டி.எஃப்.இ. டெஃப்லான் என்ற பெயரில் வாணலிப் பூச்சாக நாம் அறிந்த அதே பொருள்தான். 1938-ல் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் எதேச்சையாகக் கண்டது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் அதன் சூடான தண்டுகளை மெதுவாக இழுத்துப் பார்த்தபோதெல்லாம் அவை அறுந்துபோயின. ஒரு தண்டை வெடுக்கென்று இழுத்தபோதோ அறுபடாமல் பல மடங்கு நீண்டு, பெரும்பகுதி காற்றாலேயே ஆன நுண்துளைப் பொருளாக மாறியது. நியூசிலாந்தில் ஜான் கிராப்பர் என்பவர் 1966-லேயே இதே போன்ற நாடாவை இழுக்கும் இயந்திரத்தை உருவாக்கி ரகசியமாக வைத்திருந்தார் என்பது பின்னாளில் காப்புரிமை வழக்கில் வெளிவந்தது.

இந்தப் பொருளின் மேல் நீர், தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாமல் உருளும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், பி.டி.எஃப்.இ.யின் மேல் அதன் சேர்கோணம் ஏறத்தாழ 110 டிகிரி. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு மைக்ரான் அகலத் துளைக்குள் நீரைத் தள்ள ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் வேண்டும். அது பத்து மீட்டர் ஆழத்து அழுத்தம். துளை சிறுத்தால் தாங்கும் அழுத்தம் கூடும், காற்றோட்டம் குறையும். நீராவிக்கோ இந்தத் துளை அகன்ற வாசல், தடையில்லாமல் போய்வரும்.

நீராவி போய்வரும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வென்ட் வைத்தால் பெட்டிக்குள் ஈரமே இராது என்று நம்புகிறார்கள். வென்ட் பெட்டியை உலர்த்துவதில்லை, வெளிக்காற்றின் ஈரப்பதத்தை நோக்கி உள்காற்றைக் கொண்டுபோகிறது, அவ்வளவே. சென்னை போன்ற கடற்கரை ஊரின் இரவில் அந்த ஈரப்பதம் அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் அளவைப் பாருங்கள். 30 டிகிரியில் முழு ஈரம் கொண்ட காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவியைத் தாங்கும். இரண்டு லிட்டர் காற்றுள்ள பெட்டிக்கு அது 0.06 கிராம், அதாவது ஒரு சொட்டு. போர்டுக்குப் பூச்சு இருந்தால் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, மழைக்கு மழை உறிஞ்சப்பட்டுச் சேரும் திரவ நீர். வென்ட் தடுப்பது அதைத்தான். சிலிக்கா ஜெல் பொட்டலம் சில மாதங்களில் நிறைந்து வேலையை நிறுத்திவிடும், அதை நம்பிப் பத்தாண்டு உத்தரவாதம் தர முடியாது.

அளவைத் தீர்மானிப்பது கடினமான கணக்கு அல்ல. அதே இரண்டு லிட்டர் பெட்டி 70-லிருந்து 25 டிகிரிக்கு ஐந்து நிமிடத்தில் குளிர்ந்தால் ஏறத்தாழ 260 மில்லி லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். நிமிடத்துக்கு 52 மில்லி லிட்டர். 7 கிலோபாஸ்கல் வேறுபாட்டில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடம் 1,000 மில்லி லிட்டர் விடும் சவ்வு என்றால் இரண்டரை மில்லிமீட்டர் விட்டமே கணக்குக்குப் போதும். தூசியும் உப்பும் அடைத்துக்கொள்ளும், பாதிச் சவ்வின் மேல் நீர்ப்படலம் நிற்கும் என்று நான்கு மடங்கு கூட்டினால் ஐந்து மில்லிமீட்டர். கணக்கைவிட அதிகம் தடுமாற வைப்பது அலகுகள். ஒருவர் குறிப்பிட்ட அழுத்தத்தில் நிமிடத்துக்கு இத்தனை மில்லி லிட்டர் என்கிறார். இன்னொருவர் 100 மில்லி லிட்டர் காற்று கடக்க எத்தனை விநாடி என்று கர்லி எண் தருகிறார். துணிகளுக்கான ஃப்ரேசியர் முறை 125 பாஸ்கலில் அளப்பது. எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்துக்கு மாற்றாமல் ஒப்பிடுவது வீண் வேலை. தரப்பட்ட எண் சராசரியா, உறுதியளிக்கும் குறைந்தபட்ச அளவா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி திரவத்துக்கு வருவோம். நீரின் இழுவிசை 72 என்றால், சமையல் எண்ணெய்க்கு அது 30-ஐ ஒட்டியது. சோப்பு கலந்த நீருக்கும் கிட்டத்தட்ட அந்த வட்டாரம்தான். கை சுத்திகரிப்பானில் இருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு 22-க்குள். இழுவிசை இவ்வளவு இறங்கினால் சேர்கோணம் 90 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதன்பின் சவ்வு திரவத்தைத் தள்ளுவதில்லை, தானே இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் ஏறிய சவ்வு பளிங்குபோல ஒளி ஊடுருவித் தெரியும். அதன் வழியே காற்றும் போகாது, அடுத்து வரும் நீரையும் அது தடுக்காது. இதற்காகவே சவ்வின் மேல் எண்ணெயையும் விலக்கும் ஃபுளோரின் பூச்சு கொடுக்கிறார்கள். அதன் தரத்தை ஏ.ஏ.டி.சி.சி. 118 சோதனையில் 1 முதல் 8 வரை மதிப்பிடுகிறார்கள். 1 என்பது கனிம எண்ணெயைத் தாங்குவது, 8 என்பது இழுவிசை 20 மட்டுமே உள்ள ஹெப்டேனைத் தாங்குவது. தெருவிளக்குக்கு இந்த எண் பெரிதாகத் தேவைப்படாது. கார் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆல்கஹால் பஞ்சால் துடைக்கப்படும் மருத்துவமனைக் கருவிக்கும் முதலில் பார்க்க வேண்டியதே இந்த எண்தான்.

மருத்துவத்தில் இந்தத் தேர்வு எவ்வளவு கனமானது என்பதற்கு மிக எளிய உதாரணம் சலைன் பாட்டில். மெல்லிய பையில் வரும் சலைன், வடிய வடியப் பை சுருங்குவதால் தடையின்றி இறங்கும். பாட்டில் அப்படிச் சுருங்காது. காற்று உள்ளே வராவிட்டால் சொட்டு மெல்ல மெல்ல நின்றுவிடும். நம் மருத்துவமனைகள் பலவற்றில் பார்த்திருப்பீர்கள்: பாட்டிலின் மேற்புறத்தில் ஓர் ஊசியைக் குத்தி வைத்திருப்பார்கள். காற்று வரும், சொட்டும் ஓடும். கூடவே அந்த வார்டின் காற்று எந்த வடிகட்டலும் இல்லாமல் நேராக ரத்த நாளத்துக்குள் போகும் திரவத்தைத் தொடும். இதற்கு முறையான விடை டிரிப் செட்டின் முனையிலேயே இருக்கும் காற்று வாயில். அதற்குள் நீர் ஒட்டாத நுண்சவ்வு ஒன்று உண்டு. 0.2 மைக்ரான் தரச் சவ்வு பாக்டீரியாவைத் தடுத்துவிடும், பாட்டிலைச் சாய்த்தாலும் திரவம் கசியாது. அத்தகைய செட் இல்லாததாலோ, இருந்தும் அதன் மூடியைத் திறக்க யாரும் சொல்லித்தராததாலோ ஊசி குத்தப்படுகிறது. இந்த வழக்கம் இன்னும் நீடிப்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தக் குழாய்க்கும் அழுத்தமானிக்கும் நடுவே ஒரு சிறு வட்டு இருக்கும். அதற்குள்ளும் இதே வகைச் சவ்வுதான். காற்றழுத்தம் அதைத் தாண்டி மானியை எட்ட வேண்டும், ரத்தம் எட்டக் கூடாது. சவ்வு நனைந்துவிட்டால் மானி காட்டும் அளவு தவறாகும். ரத்தம் அதைத் தாண்டி இயந்திரத்துக்குள் போய்விட்டாலோ அடுத்த நோயாளிக்கு ஹெபடைடிஸ் தொற்றும் ஆபத்து வந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த வட்டை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றச் சொல்கிறது. இங்கே காற்றோட்டம் பெயரளவுக்குத்தான் தேவை. ரத்தம் பட்டாலும், அழுத்தம் துள்ளி ஏறினாலும் விட்டுக்கொடுக்காத தாங்குதிறன்தான் முக்கியம்.

அடைபட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இன்சுலின் பம்ப்பைவிடத் தெளிவான பாடம் இல்லை. பம்ப்பில் இருக்கும் சிறு குப்பியிலிருந்து ஒரு பிஸ்டன் இன்சுலினைத் துளித்துளியாகத் தள்ளுகிறது. வழக்கமான இன்சுலினில் ஒரு யூனிட் என்பது 10 மைக்ரோலிட்டர், ஒரு சொட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. குப்பி இருக்கும் அறைக்கும் வெளிக்கும் அழுத்தம் வேறுபட்டால், அந்த வேறுபாடே பிஸ்டனைத் தள்ளிவிடக்கூடும். அதைத் தவிர்க்கக் குழாயை இணைக்கும் மூடியில் மிகச் சிறிய வென்ட் உண்டு. 2013-ல் மெட்ரானிக் நிறுவனம் தன் பாரடைம் பம்ப்புகளின் குழாய்த் தொகுதிகள் பற்றி எச்சரித்தது. இணைப்பின் உட்புறத்தில் இன்சுலினோ வேறு திரவமோ பட்டால் வென்ட் தற்காலிகமாக அடைபடும், மருந்து கூடுதலாகவோ குறைவாகவோ போகலாம் என்பது அதன் சாரம். 2017-ல் அதே நிறுவனம் மீண்டும் குறிப்பிட்ட தொகுதிகளைத் திரும்பப் பெற்றது. இம்முறை காரணம் வென்ட் சவ்வு. குழாயை நிரப்பும்போது திரவம் பட்டு அது அடைபட வாய்ப்பிருந்தது. அப்படி அடைபட்டால், தொகுதியை மாற்றிய சிறிது நேரத்தில் அதிக இன்சுலின் உடலுக்குள் போய், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழக்கூடும். பிறகு அந்தப் பாகம் மாற்றியமைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, சவ்வை நெருங்கிய திரவம் மழையோ குளத்து நீரோ அல்ல, அந்தக் கருவி செலுத்தும் மருந்தேதான். இன்சுலின் ஒரு புரதம், நீர் ஒட்டாத பரப்புகளில் படியும் இயல்புள்ளது. அதோடு பாதுகாப்புப் பொருளாகக் கிரெசாலும் கலந்திருக்கும். சுத்தமான நீரில் எடுத்த அழுத்த எண் இந்தக் கலவையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பம்ப் வடிவமைப்பவர், மருந்தில் நனைந்து உலர்ந்த சவ்வின் காற்றோட்டம் எவ்வளவு என்ற எண்ணைத்தான் கேட்க வேண்டும். அது எந்த அட்டவணையிலும் இராது, தாமே அளந்தாக வேண்டும்.

மருத்துவக் கருவிக்கு இன்னொரு பரீட்சையும் உண்டு, கிருமி நீக்கம். நல்ல சவ்வு என்று எல்லோரும் கைகாட்டும் பி.டி.எஃப்.இ. இங்கேதான் தோற்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் 25 கிலோகிரே காமா கதிரிலேயே அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு, சவ்வு நொறுங்கத் தொடங்கும். காமாவுக்குப் போகும் கருவி என்றால் நைலான் துணியில் படிய வைத்த அக்ரிலிக் சவ்வையோ, கதிரைத் தாங்கும் பி.வி.டி.எஃப். சவ்வையோ நாட வேண்டும். சாதாரண பாலிப்ரோப்பிலீனும் கதிரில் நாளடைவில் நொறுங்கும். நீராவி ஆட்டோகிளேவ் என்றால் நிலைமை தலைகீழ். 121 டிகிரியோ 134 டிகிரியோ பி.டி.எஃப்.இ.க்கு ஒரு பொருட்டே அல்ல, அது உருகுவது 327-ல். பாலித்தீன் 130 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் வாயு உள்ளே போய் மீண்டும் வெளியேற வேண்டும் என்பதால் காற்றோட்டமே முதல் தகுதி. மருத்துவப் பொருள்களின் உறைகளில் ஒரு பக்கம் வெள்ளைக் காகிதம்போல இருக்கும் டைவெக், 1955-ல் டூபாண்டில் தற்செயலாகக் கண்ட பாலித்தீன் இழைகளிலிருந்து வந்தது. வாயுவை விட்டுக் கிருமியைத் தடுப்பதில் அதற்கு நல்ல பெயர். எனவே எந்த முறையில் கிருமி நீக்குவது என்று முடிவாகும் முன் வென்ட்டை வாங்கிவிட்டால் பிறகு அச்சு முதல் ஒட்டு வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

மற்ற பொருள்களுக்கும் அவற்றுக்கான இடம் உண்டு. பாலித்தீன் துகள்களைச் சூட்டில் ஒட்டவைத்துச் செய்யும் தடித்த நுண்துளைத் துண்டுகள் மலிவானவை, முரட்டுத்தனமானவை, துளை பெரிது. நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும் செல்லுலோஸ் பசையை அவற்றோடு கலந்தால், உறிஞ்சு குடுவைகளில் திரவம் எட்டியதும் வழியைத் தாமே மூடிவிடும். அடைபடுவதே பாதுகாப்பாகும் இடம் அது. வெடிவாயு உள்ள இடங்களுக்கும் கடும் சூட்டுக்கும் வெண்கல, எவர்சில்வர் துகள் வென்ட்கள். வயிற்றுத் துளை வழியே மலம் சேரும் கொலாஸ்டமி பைகளில் சவ்வோடு நாற்றத்தை ஈர்க்கும் கரித்தூளும் சேரும்.

துத்தநாக-காற்று பேட்டரியில் ஓடும் காதுக் கருவிக்கு ஆக்சிஜனே எரிபொருளில் பாதி என்பதால் அதைக் காற்றுப் புகாமல் மூடவே முடியாது. அதன் வென்ட் வியர்வையையும் காது அழுக்கையும் தாங்கியபடி நாளெல்லாம் காற்றை விட வேண்டும். செல்போனின் மைக் துளையில் இருக்கும் சவ்வுக்கு வேறு கடமை. அது ஒலியோடு சேர்ந்து அதிர வேண்டும், ஆகவே காற்றோட்டத்தைவிட எடைக் குறைவே அங்கே தகுதி. அழுத்த வென்ட்டுக்கான சவ்வை மைக்கில் ஒட்டினால் குரல் மந்தமாகும். எவ்வளவு இறுக்கமான போனும் வாயுவுக்குத் திறந்ததே என்பது 2018-ல் சிகாகோவுக்கு அருகில் உள்ள மாரிஸ் மருத்துவமனையில் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. கருவி பொருத்தும்போது ஹீலியம் கசிந்து, ஊழியர்களின் ஐபோன்களும் ஆப்பிள் கடிகாரங்களும் நாற்பது வாக்கில் செயலிழந்தன. அவற்றுக்குள்ளே அதிரும் நுண்ணிய சிலிக்கான் கடிகாரத்தை ஹீலியம் குலைத்திருந்தது. சில நாளில் வாயு வெளியேற, பெரும்பாலானவை மீண்டன.

மின்வாகன பேட்டரியில் ஒரே துளை இரண்டு வேலைகள் செய்ய வேண்டியிருக்கிறது. 2022-ல் இந்தியாவின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய பிறகு, ஏ.ஐ.எஸ். 156 விதிகளின் மூன்றாம் திருத்தம் அவ்வாண்டு டிசம்பர் முதல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரித் தொகுதி நீரில் அமிழ்ந்தாலும் தாங்க வேண்டும், உள்ளழுத்தத்தை வெளியேற்றும் வென்ட்டும் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகளுக்கு இது அன்றாடக் கவலை. அன்றாடம் வெயிலுக்கும் மழைக்கும் சுவாசிக்க நிமிடத்துக்குச் சில நூறு மில்லி லிட்டர் போதும். ஒரு செல் கட்டுமீறிச் சூடேறினால் வெளிவரும் வாயுவின் வேகமே வேறு, கணப்பொழுதில் பெருவாரியாக வெளியேறியாக வேண்டும். எந்தச் சவ்வாலும் அதைத் தாங்க முடியாது. எனவே சவ்வுக்குப் பின்னால் ஒரு கூர்முனையை வைத்து, அழுத்தத்தில் சவ்வு உப்பி முனையில் பட்டுக் கிழியச் செய்கிறார்கள். அல்லது ஸ்பிரிங் வால்வைச் சேர்க்கிறார்கள். கிழியும் அழுத்தம் பெட்டியின் மூடி பிளக்கும் அழுத்தத்துக்குக் கீழேயும், அமிழ்வுச் சோதனையின் அழுத்தத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். வாயு பீறிடும் திசையில் ஓட்டுபவரின் கால் இருக்கக் கூடாது.

நல்ல சவ்வும் தவறான ஒட்டினால் வீணாகும். பாலிப்ரோப்பிலீன் பெட்டியில் சாதாரண அக்ரிலிக் பசை சரியாகப் பிடிக்காது. அங்கே திருகு மரையோ அழுத்திச் செருகும் வகையோ அல்ட்ராசோனிக் வெல்டிங்கோ வேண்டும். சவ்வு மேல்நோக்கிப் படுத்திருந்தால் நீர் தேங்கிக் காற்றை அடைத்துவிடும், செங்குத்தாகவும் சற்று மறைவாகவும் இருப்பது நல்லது. தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் வென்ட்டின் மேலேயே ஸ்பிரே அடித்துவிடுவதும், சர்வீஸ் சென்டரில் பிரஷர் வாஷ் நேராகப் படுவதும் கணக்கில் வராத எதிரிகள்.

இப்போது இவை எல்லாவற்றின் மேலும் ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. பி.டி.எஃப்.இ.யும் எண்ணெய் விலக்கும் பூச்சும் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் உற்பத்தியில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. 2023-ல் ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் இந்தக் குடும்பம் முழுவதையும் ஐரோப்பாவில் கட்டுப்படுத்தும் முன்மொழிவை வைத்தன. 3எம் நிறுவனம் 2025 இறுதிக்குள் இவற்றின் உற்பத்தியிலிருந்து விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ஃபுளோரின் இல்லாமல் நீரை விலக்க முடியும். பாலித்தீன், பாலிப்ரோப்பிலீன் சவ்வுகள் அதைச் செய்கின்றன. எண்ணெயையும் ஆல்கஹாலையும் விலக்க ஃபுளோரினுக்கு இணையான ஒன்று இன்னும் கையில் இல்லை. ஆகவே மழை மட்டுமே படும் தெருவிளக்குக்கும் கேமராவுக்கும் பழக்க தோஷத்தில் பி.டி.எஃப்.இ.யை எழுதுவதை இப்போதே நிறுத்தலாம் என்பேன். டயாலிசிஸ் வட்டுக்கும் எஞ்சின் அருகிலுள்ள பெட்டிக்கும் அது தொடரட்டும். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு விற்பனையில் இருக்கப்போகும் மருத்துவக் கருவிக்கு, இன்று ஒப்புதல் வாங்கும்போதே மாற்றுச் சவ்வு ஒன்றையும் அதே திரவங்களில் நனைத்து, அதே கிருமி நீக்கத்தில் போட்டு, அதே ஒட்டில் சோதித்துக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். உற்பத்தியாளர் பொருளை நிறுத்தும் அறிவிப்பு வந்த பின் தொடங்கினால், சோதனைகளும் மறு ஒப்புதலும் முடிவதற்குள் கையிருப்புச் சவ்வு தீர்ந்துவிடும்.